அகலப்படுத்திய ரயில் கரை: அமிழ்வது புது மண்ணா, அடித்தரையா?

கேள்வி, 12 ஜூன் 2023

சென்னைப் புறநகரில், ரயில் பாதையை ஒட்டிய தெருவில் குடியிருக்கிறேன். மொட்டைமாடியில் நின்றால் பாதையும் கரையும் முழுவதும் தெரியும். கூடுதல் பாதை போடுவதற்காக நான்கு மாதங்களாகப் பழைய கரையின் பக்கத்தில் சவுடு கொட்டி ரோலர் ஓட்டினார்கள். இப்போது ஆங்காங்கே கம்பிகளை நட்டு, வாரம் ஒருமுறை வந்து அளந்துவிட்டுப் போகிறார்கள். வேலை அப்படியே நிற்கிறது. என் வாதம் இதுதான். பழைய கரை நூறாண்டுக்கு மேலாக ரயில் ஓடி இரும்பாக இறுகியது. அது இனி அசையாது. புதிய மண்ணையும் ரோலர் போட்டு நன்றாக இறுக்கியாகிவிட்டது, அதுவும் அசையாது. பிறகு எதற்குக் காத்திருக்க வேண்டும்? பாதை போட்ட பிறகும் ரயிலை ஏன் மாதக்கணக்கில் உருட்டிக்கொண்டு போக வேண்டும்? மறுப்பவர்கள் மறுக்கலாம்.

13 ஜூன் 2023

மறுக்கிறேன். இருபத்தாறு ஆண்டுகள் மண் வேலைத் தளங்களில் லெவல் பார்த்தவன் நான். அதில் பெரும்பகுதி ரயில் கரைகளில் கழிந்தது.

ரோலர் இறுக்குவது கொட்டிய மண்ணை மட்டுமே. அதை ஒழுங்காகச் செய்திருந்தால், கரைக்குள் நடக்கும் அமிழ்வு மிகச் சிறியது. கரைக்குக் கீழே உள்ள தரையை எந்த ரோலராலும் தொட முடியாது. அந்தத் தரை இளகிய களிமண்ணாக இருந்தால், அதன் துகள்களுக்கு இடையில் நீர் நிறைந்திருக்கும். மேலே கரையின் சுமை ஏறியதும் முதலில் அந்த நீர்தான் சுமையைத் தாங்குகிறது. நீர் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேற, சுமை துகள்களின் மேல் இறங்குகிறது. துகள்கள் நெருங்க நெருங்கத் தரை அமிழ்கிறது. கார்ல் டெர்சாகி இதை 1925ஆம் ஆண்டு கணக்காக எழுதிக் காட்டினார். இன்றும் அதே கணக்கைத்தான் போடுகிறோம்.

எண்ணில் சொல்கிறேன். இறுக்கிய மண் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 1.9 டன் இருக்கும். கரை 4 மீட்டர் உயரம் என்றால் ஒரு சதுர மீட்டர் தரையின் மேல் 7.6 டன். கீழே 6 மீட்டர் தடிமனில் இளகிய களி இருப்பதாகக் கொண்டு, வழக்கமான அமுங்கு எண்களைப் போட்டுப் பார்த்தால், அமிழ்வு சுமார் 70 சென்டிமீட்டர் வருகிறது. அந்தக் கம்பிகளுக்கு வாராவாரம் ஆள் வருவது இதற்காகத்தான்.

14 ஜூன் 2023

"எவ்வளவு காலம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இளகிய களியில் நீர் நகரும் வேகத்தைக் குறிக்கும் கெழுவை ஆண்டுக்கு 1 சதுர மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், 90 சதவிகித அமிழ்வு முடிய 30 ஆண்டுகள் ஆகும்.

15 ஜூன் 2023

நேற்று இரவு தூக்கக் கலக்கத்தில் எழுதியதில் பிழை இருக்கிறது. நீர் மேற்புறமாக மட்டும் வெளியேறும் என்று கொண்டுவிட்டேன். சென்னையின் கரையோர வண்டலில் களியும் மணலும் மாறி மாறிக் கிடக்கும். களிக்குக் கீழே மணல் அடுக்கு இருந்தால் நீர் இரு புறமும் வெளியேறும். அப்போது நீர் கடக்க வேண்டிய தூரம் பாதியாகிறது. காலமோ தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 30 ஆண்டு என்பது ஏழரை ஆண்டாகக் குறையும். களியின் நடுவில் விரற்கடை அளவு மணல் இழை தொடர்ச்சியாக ஓடினால் இன்னும் குறையும். மண் பரிசோதனைக்காக ஆழ்துளை போட்டவர் அந்த இழையைக் கவனித்துக் குறித்தாரா, சேறோடு சேறாக அள்ளிப் போட்டாரா என்பதைப் பொறுத்து ஆண்டுகள் கூடும், குறையும். இதனால்தான் எங்கள் துறையில் கணக்கைக் காட்டிலும் கம்பியை அதிகம் நம்புகிறோம்.

18 ஜூன் 2023

கேள்வியில் "பழைய கரை" என்று வருகிறது. அந்தக் கரைக்கான மண் எங்கிருந்து வந்தது என்று எவராவது எண்ணிப் பார்த்ததுண்டா?

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ஆம் ஆண்டு ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அந்தக் காலத்துக் கரைகளை மனிதர்கள் மண்வெட்டியாலும் கூடையாலும் எழுப்பினார்கள். கூடையைத் தலையில் சுமந்து எவ்வளவு தூரம் போக முடியும்? கரைக்குப் பக்கத்திலேயே பள்ளம் வெட்டி, அந்த மண்ணைத்தான் மேலே போட்டார்கள். புறநகர் மின்ரயிலில் போகும்போது பாதையோடு கூடவே நீளமான குட்டைகள் வருமே, ஆகாயத்தாமரை மண்டி, கொக்கு நின்றுகொண்டு. அவற்றில் பல அப்படி மண் எடுத்த பள்ளங்கள். நூறாண்டு மழையில் அவற்றில் மெல்லிய சேறு படிந்திருக்கும். பக்கத்துத் தெருக்களின் சாக்கடை வேறு வந்து சேர்ந்திருக்கும்.

இப்போது பாதையை அகலப்படுத்த எங்கே இடம்? அந்தக் குட்டையின் மேல்தான். பழைய கரை உட்கார்ந்திருப்பது ஓரளவு உறுதியான இயற்கைத் தரையில். புதிய பகுதி உட்காரப்போவது, அந்தக் கரைக்காகவே தோண்டப்பட்டு, பிறகு சேறு நிரம்பிய பள்ளத்தில். நீரை இறைத்து, சேற்றை அடிவரை வாரி, மணலோ கிராவலோ போட்டு நிரப்பிய பிறகுதான் கரையைத் தொடங்க வேண்டும். அவசரத்தில் சேற்றின் மேலேயே சவுடு கொட்டினால் சேறு பக்கவாட்டில் பிதுங்கி ஓடும். ஓடாமல் உள்ளே சிக்கியதோ பின்னால் பழிவாங்கும்.

2 ஜூலை 2023

ஒரு பெரிய திருத்தம். முதல் நாள் 70 சென்டிமீட்டர் என்று எழுதியதைத் தாளில் படம் வரைந்து பார்த்தபோது வெட்கமாகிவிட்டது. தனியாக நிற்கும் புதிய கரைக்கு அந்த எண் பொருந்தும். அகலப்படுத்திய கரைக்குப் பொருந்தாது.

வரைந்து பாருங்கள். பழைய ஒற்றைப் பாதைக் கரையின் மேல் அகலம் 6.85 மீட்டர், உயரம் 4 மீட்டர், பக்கச் சரிவு இரண்டுக்கு ஒன்று (கிடையில் இரண்டு, உயரத்தில் ஒன்று) என்று வைத்துக்கொள்வோம். புதிய பாதையின் மையம் பழைய பாதையின் மையத்திலிருந்து 5.3 மீட்டரில் வருகிறது. ஆகவே சரிவு முழுவதும் 5.3 மீட்டர் பக்கவாட்டில் நகர்கிறது. பழைய சரிவுக்கும் புதிய சரிவுக்கும் நடுவில் விழும் மண்ணின் செங்குத்துத் தடிமன் எங்கே பார்த்தாலும் 2.65 மீட்டரைத் தாண்டாது; 4 மீட்டர் எங்குமே இல்லை. கூடுதல் சுமையும் சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 5 டன்தான்.

இரண்டாவதாக, புதிய பாதையின் மையம் பழைய மேல்விளிம்பிலிருந்து 1.9 மீட்டர் தள்ளித்தான் வருகிறது. அதாவது புதிய பாதை பழைய சரிவின் மேல் உட்காருகிறது. அதன் உட்புறத் தண்டவாளத்துக்குக் கீழே புதிய மண் அரை மீட்டர்தான். வெளிப்புறத் தண்டவாளத்துக்குக் கீழே ஏறத்தாழ 1.4 மீட்டர். ஒரே பாதையின் இரண்டு தண்டவாளங்களும் வேறு வேறு தடிமனில் நிற்கின்றன.

இந்த வடிவத்துக்குக் கணக்கைத் திரும்பப் போட்டால் எனக்குக் கிடைப்பது: பழைய பாதையின் மையத்தில் 3 சென்டிமீட்டர், புதிய பாதையின் மையத்தில் 16, பழைய கரையின் அடிவிளிம்பில் 44. அதிகமாக அமிழும் இடம் எந்தத் தண்டவாளத்துக்குக் கீழேயும் இல்லை. பழைய சரிவு தரையைத் தொட்ட இடத்தில், கண்ணுக்குத் தெரியாமல் புதைந்து கிடக்கிறது. பழைய சுமை அங்கே அநேகமாகப் பூஜ்யம், புதிய சுமையோ முழு அளவு.

அந்த 3 சென்டிமீட்டரைச் சிறியது என்று தள்ளிவிட வேண்டாம். பழைய பாதை ஒரே சீராக இறங்குவதில்லை. புதிய பக்கம் சாய்ந்துகொண்டு இறங்குகிறது. இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஒன்றரை சென்டிமீட்டர் உயர வேறுபாடு (கிராஸ் லெவல்) வர வாய்ப்புண்டு. அதுவும் கரையின் நீளம் முழுவதும் ஒரே அளவில் வராது. இங்கே குட்டை, அங்கே குட்டையில்லை என்று விட்டுவிட்டு வரும்போது பாதை முறுக்கிக்கொள்கிறது. வண்டி தடம் புரள்வதற்கு அமிழ்வைவிட முறுக்குதான் காரணமாக இருக்கும்.

3 ஜூலை 2023

படத்தைப் படமெடுத்துப் போடச் சொல்கிறீர்கள். என் பேத்தியின் கணக்கு நோட்டில் வரைந்தேன். அவள் அதைப் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மாலையில் பார்க்கலாம்.

9 ஜூலை 2023

கேள்வி கேட்ட நண்பருக்குப் பாதி வெற்றி. ஒரு வாரமாக இதை மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன்.

பழைய பாதையின் அடியில் 3 சென்டிமீட்டர் என்ற கணக்கில் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது: அங்குள்ள களி பழைய கரையின் சுமைக்குச் சரியாக இறுகி நிற்கிறது, ஒரு பிடி மண் கூடினாலும் புதிதாக அமுங்கத் தொடங்கும் என்பது. லாரிட்ஸ் பியெர்ரும் என்ற நார்வே பொறியாளர் 1967ஆம் ஆண்டு விளக்கியது வேறு. ஒரே சுமையின் கீழ் நெடுங்காலம் கிடக்கும் களி, நீர் வெளியேறி முடிந்த பிறகும் மிக மெதுவாக இறுகிக்கொண்டே இருக்கிறது. அதனால் தன் மேல் உள்ள சுமையைக் காட்டிலும் சற்றே கூடுதல் சுமையைப் பெரிதாக அசையாமல் தாங்கும் திறனைச் சேமித்துக்கொள்கிறது. நண்பர் "இரும்பாக இறுகியது" என்றது ஏறத்தாழ இதைத்தான். பழைய கரைக்கு நூற்றைம்பது வயது என்றால் இந்தச் சேமிப்பு கணிசமாக இருக்கும். பழைய மையத்தில் கூடும் சுமை அதற்குள் அடங்கினால் அமிழ்வு 3 சென்டிமீட்டருக்குப் பதிலாக சில மில்லிமீட்டரில் முடிந்துவிடும்.

மீதிப் பாதி என் பக்கம். பழைய கரையின் நடுப்பகுதிக்கு மட்டுமே இந்தச் சேமிப்பு துணை நிற்கும். சரிவின் அடியில் பழைய சுமை குறைந்துகொண்டே போகிறது, புதிய சுமை கூடிக்கொண்டே போகிறது; எங்கோ ஓரிடத்தில் சேமிப்பு தீர்ந்துவிடுகிறது. அந்த இடம் பழைய பாதையின் வெளித் தண்டவாளத்துக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்பதே கேள்வி. சேமிப்பு தீராத பக்கம் நிற்கும், தீர்ந்த பக்கம் இறங்கும். ஆகவே சாய்வு இன்னும் கூர்மையாகவும் ஆகலாம். இதை எழுதும்போதே, சென்ற வாரம் ஒன்றரை சென்டிமீட்டர் என்று எண்ணாகவே சொன்ன என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது. களி மாதிரியை ஆய்வகத்தில் அழுத்திப் பார்க்காமல் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

23 ஜூலை 2023

கம்பியை நம்புகிறோம் என்று ஜூன் 15 அன்று எழுதினேன். கம்பியை நம்பி நான் ஏமாந்த கதையையும் எழுதிவிடுவதுதான் நேர்மை.

1990களின் இறுதி. சென்னைக்கு வடக்கே, உப்பங்கழியை ஒட்டிய ஓரிடத்தில் இரண்டாம் பாதைக்கான கரை வேலை. ஒப்பந்தக்காரரிடம் நான் இளம் பொறியாளர். கரைக்கு அடியில் சதுரமான இரும்புத் தகடுகளைப் படுக்கவைத்து, அவற்றில் பற்றவைத்த குழாயைக் கரையோடு கூடவே மேலே வளர்த்துக்கொண்டு வந்தோம். தகடு இறங்கினால் குழாயின் தலையும் இறங்கும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வெயில் ஏறுவதற்கு முன் மட்டம் பார்க்கும் கருவியான ஆட்டோ லெவலை நிறுத்தி, குழாய்த் தலையில் ஸ்டாஃப் என்ற அளவுகோலை வைத்துப் படித்துவிடுவேன். எதை ஒப்பிட்டுப் படிப்பது? அருகில் ஒரு பழைய செங்கல் வளைவுச் சிறுபாலம் இருந்தது. அதன் பக்கச் சுவரில் சிவப்புப் பெயின்டில் ஒரு முக்கோணம் போட்டு, அதை எங்கள் பெஞ்ச்மார்க்காக வைத்துக்கொண்டோம். பழைய கட்டுமானம், நூறாண்டாக நிற்கிறது, அது எங்கே போய்விடப்போகிறது என்ற நினைப்பு. இன்று நண்பர் சொல்லும் அதே வாதம்.

முதல் வாரங்களில் 18, 14, 11 மில்லிமீட்டர் என்று இறங்கியது படிப்படியாகக் குறைந்தது. கடைசி ஆறு வாரங்களின் அளவு இன்றும் நினைவிருக்கிறது: 1, 1, 0, 1, 0, 0. அசாவ்கா என்ற ஜப்பானியர் 1978ஆம் ஆண்டு சொன்ன எளிய வரைபட முறை ஒன்று உண்டு. சம இடைவெளியில் எடுத்த அமிழ்வு அளவுகளில், ஒவ்வொன்றையும் அதற்கு முந்தைய அளவோடு ஒப்பிட்டுப் புள்ளி வைத்தால், புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழும். அந்தக் கோடு 45 பாகைக் கோட்டை வெட்டும் இடமே இறுதி அமிழ்வு. என் கோடு அழகாக வெட்டியது. அமிழ்வு முடிந்தது என்று எழுதிக் கொடுத்தேன். ஜல்லி விரித்தார்கள், ஸ்லீப்பர் வந்தது, தண்டவாளம் வந்தது.

மழைக்காலம் முடிந்ததும் ரயில்வே தரப்பிலிருந்து ஓய்வுபெறும் வயதிலிருந்த ஒருவர் பார்வையிட வந்தார். புத்தகத்தைப் புரட்டியவர், கம்பிகளைப் பார்க்கவே இல்லை. நேராகச் சிறுபாலத்துக்கு நடந்தார். சிவப்பு முக்கோணத்தை விரலால் தொட்டு, "தம்பி, இதை யார் அளக்கிறார்கள்?" என்று கேட்டார். எனக்கு விடை இல்லை. ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருந்த உறுதியான பெஞ்ச்மார்க்கிலிருந்து லெவலை இழுத்து வரச் சொன்னார். போகவும் வரவும் சேர்த்து ஒரு முழுப் பகல் ஆனது. முக்கோணம் 23 மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. இருபத்திரண்டு வாரத்தில் 23 மில்லிமீட்டர்; வாரத்துக்கு ஒன்று.

சிறுபாலத்தின் பக்கச் சுவர் நின்றதே பழைய கரையின் அடிவிளிம்பில்தான். புதிய சுமை அதையும் கூடவே கீழே அழைத்துக்கொண்டு போனது. பெஞ்ச்மார்க் ஒரு மில்லிமீட்டர் இறங்கும்போது, அதிலிருந்து பார்க்கும் எல்லாக் கம்பிகளும் ஒரு மில்லிமீட்டர் குறைவாக இறங்கியதாகத் தெரியும். ஆகவே என்னுடைய 1, 1, 0, 1, 0, 0 என்பது உண்மையில் 2, 2, 1, 2, 1, 1. தரை நிற்கவே இல்லை. நானும் அதோடு சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்ததால் அது நின்றதாகப் பட்டது. அந்தப் பகுதியில் பல மாதங்கள் காஷன் ஆர்டர் (வேகக் கட்டுப்பாடு) போட்டு வண்டிகளை ஊர்ந்து போகவிட்டார்கள். பாதை பராமரிக்கும் கேங்மேன்கள் பீட்டர் என்ற இரும்புக் கருவியால் ஜல்லியைக் குத்திக் குத்திப் பாதையைத் தூக்கி நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.

25 ஜூலை 2023

கம்பியில் ஏமாந்த இன்னொரு கதையும் உண்டு, எருமைக் கதை. அதே தளம்தான். ஒரு திங்கட்கிழமை ஆறாம் எண் கம்பி 4 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தது. பக்கத்தில் மண் பிதுங்குகிறதோ, கரை சரியப்போகிறதோ என்று பதறி, வேலையை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினேன். பிறகு பார்த்தால் குழாயில் கயிறு தேய்ந்த தடம் இருந்தது. சற்று தூரத்தில் எருமை ஒன்று ஒன்றும் அறியாததுபோல் அசைபோட்டுக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு கம்பியையும் சுற்றி முள்வேலி.

6 ஆகஸ்ட் 2023

"களியில் நீர் வெளியேறத்தான் காலம் ஆகிறது என்றால், வெளியேற வழி செய்ய வேண்டியதுதானே?" என்று வேறொரு வாசகர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. வழி உண்டு. 10 சென்டிமீட்டர் அகலமும் சில மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட பிளாஸ்டிக் பட்டைகளை, துணிபோன்ற வடிகட்டி சுற்றி, களிக்குள் செங்குத்தாக இறக்குகிறார்கள். சுவீடனின் வால்டர் ஷெல்மன் 1940களில் இதை அட்டையில் செய்து பார்த்தார். பட்டைகளை ஒரு மீட்டருக்கு ஒன்றாக நட்டால், நீர் 3 மீட்டர் மேலேயோ கீழேயோ போகாமல் அரை மீட்டர் பக்கவாட்டில் போனால் போதும். ஏழரை ஆண்டு வேலை ஏறத்தாழ அரையாண்டில் முடியும். சென்னையைச் சுற்றிய துறைமுகப் பகுதிகளில் இது சர்வசாதாரணம்.

ஓடும் பாதைக்குப் பக்கத்தில் செய்யும்போதுதான் தலைவலி தொடங்குகிறது. பட்டையைக் குத்தும் இயந்திரத்தின் கம்பம், களியின் ஆழத்தையும் தாண்டிய உயரத்தில் நிற்கும். பக்கத்தில் 25,000 வோல்ட் மின்கம்பி ஓடுகிறது. இளகிய தரையில் இயந்திரத்தின் ஒரு பக்கச் சங்கிலி ஓர் அடி புதைந்தால் கம்பம் எங்கே சாயும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே பழைய அடிவிளிம்புக்கு நெருக்கமான வரிசைகளை, மின்சாரத்தைத் துண்டித்த நேரத்தில் மட்டும் செய்ய வேண்டியிருக்கும். புறநகர் ரயில் ஓடும் பாதையில் அந்த நேரம் நள்ளிரவுக்குப் பிறகு இரண்டு, மூன்று மணிநேரம் கிடைத்தால் அதிகம். விளைவாக, எங்கே பட்டை மிக அவசியமோ, அதாவது 44 சென்டிமீட்டர் என்று நான் எழுதிய அந்த இடத்தில், அது குறைவாகப் போய்ச் சேர்கிறது.

20 ஆகஸ்ட் 2023

சுவீடன் பேச்சு வந்ததால் ஒரு சிறு விலகல். அந்நாட்டு ரயில்வே, அடுத்தடுத்து நேர்ந்த கரைச் சரிவுகளால் 1914ஆம் ஆண்டு ஒரு குழுவை அமைத்தது. வோல்மர் ஃபெல்லெனியஸ் தலைவர். குழு வேலை செய்துகொண்டிருக்கும்போதே, 1918 அக்டோபர் 1 அன்று யேத்தோ என்ற இடத்தில் கரை சரிந்து, ரயில் கவிழ்ந்து, நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். குழுவின் அறிக்கை 1922இல் வந்தது. மண் பொறியியலைக் குறிக்கும் ஜியோடெக்னிக்கல் என்ற சொல்லுக்கு இன்றைய பொருள் வந்ததில் அந்தக் குழுவின் பெயருக்குப் பெரும் பங்குண்டு. நாங்கள் பார்க்கும் தொழிலுக்குப் பெயர் கிடைத்ததே ரயில் கரையில்தான்.

10 செப்டம்பர் 2023

"பழைய சரிவின் மேல் அப்படியே மண்ணைக் கொட்டினால் என்ன?" என்ற கேள்வி மூன்றாம் முறையாக வந்திருக்கிறது. கூடாது. முதலில் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்க வேண்டும்; வெட்டி மட்டும் விட்டால், உள்ளே மட்கும் வேர் பின்னாளில் பொந்தாகும். பிறகு அடிவிளிம்பிலிருந்து தொடங்கி, 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு படி என்று பழைய சரிவில் படிக்கட்டு வெட்டி, ஒவ்வொரு படியிலும் புதிய அடுக்கைக் கோத்துக்கொண்டே மேலேற வேண்டும். அடுக்கின் வெளி ஓரத்தில் ரோலர் முழு எடையோடு ஏற முடியாது என்பதால் அரை மீட்டர் கூடுதலாகப் போட்டு இறுக்கி, கடைசியில் அந்தக் கூடுதலைச் செதுக்கிவிட வேண்டும்.

அப்படி வெட்டிய படியின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். மேலே ஒரு சாண் கறுத்த ஜல்லி, எண்ணெய்ப் பிசுக்கோடு. அதற்குக் கீழே நீராவி இன்ஜின் காலத்துச் சாம்பல். கையில் எடுத்தால் கரகரவென்று உதிரும், நடுவில் பாதி எரிந்த நிலக்கரிக் கட்டிகள். பிறகு செம்மண். அதன் கீழே, கத்தியால் வெட்டினால் பளபளக்கும் கருங்களி. அதில் கூடைக்காரர் கொட்டிய ஒவ்வொரு கூடையும் தனித்தனி உருண்டையாக அடையாளம் தெரிந்தது. அந்த உருண்டைகளின் இடுக்கில் இன்னும் ஈரம் இருந்தது. "இரும்பாக இறுகிய" கரையின் உள்ளே பார்த்தது அதுதான்.

படி வெட்டுவதால் அடித்தரையின் அமிழ்வு ஒரு மில்லிமீட்டரும் குறையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு மண்ணுக்கும் நடுவில் வழுக்கும் தளம் உருவாகாமல் தடுப்பதே அதன் வேலை. சிலர் படி வெட்டியாயிற்று, ஜியோகிரிட் என்ற வலை விரிப்பை விரித்தாயிற்று, இனி அமிழாது என்கிறார்கள். விரிப்பு சாய்வைக் கொஞ்சம் பரப்பிக் கொடுக்கும். களிக்குள் இருக்கும் நீரை அது என்ன செய்யும்?

1 அக்டோபர் 2023

நண்பர் வீட்டு காம்பவுண்டு சுவரில் மயிரிழை விரிசல் வந்திருக்கிறதாம். ரயில் கரைதான் காரணம் என்கிறார். ஜூன் மாதம் எதுவும் அசையாது என்றவர் இப்போது தன் சுவர் வரை அசைக்கிறார்! புதிய அடிவிளிம்பிலிருந்து சுவர் 12 மீட்டர் தள்ளி இருப்பதாக எழுதியிருக்கிறார். 6 மீட்டர் களிக்கு 12 மீட்டர் தூரம் மிக அதிகம். கரையின் சுமை அங்கே அநேகமாகத் தெரியாது. நான் முதலில் சந்தேகிப்பது சுவரோரத்து மரத்தை, இரண்டாவதாக மழைநீர்க் குழாயை.

சென்னையில் இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஒன்றிருக்கிறது. பழைய வீட்டோடு பின்னால் ஒரு அறையோ போர்ட்டிகோவோ சேர்த்துக் கட்டினால், சேர்ந்த இடத்தில் இரண்டாம் மழைக்காலத்துக்குள் விரிசல் விழும். கொத்தனார் பூசிக் கொடுப்பார், மறுபடி விழும். வீட்டில் அந்த இடத்தில் இடைவெளி விட்டு ஒரு பட்டையை அடித்து மறைத்துவிடலாம். கரையில் இடைவெளி விட முடியாது.

12 டிசம்பர் 2023

மிக்ஜாம் மழையில் வீட்டுக்குள் நீர் வந்து, ஒரு வாரம் மின்சாரம் இல்லை. பலரும் நலம் விசாரித்திருந்தீர்கள். கீழ்த்தளத்துப் புத்தகங்கள் போயின, மற்றபடி நலம்.

4ஆம் தேதி பேசின் பிரிட்ஜ் பக்கம் பாலத்தில் நீர் ஏறி ரயில்கள் நின்றதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். கரைகளைப் பொறுத்தவரை இரண்டு செய்திகள். சரியாக இறுக்காத மண், முதல்முறை முழுதாக நனையும்போது சட்டென்று குலைந்து அமுங்கும்; இது களியின் மெதுவான அமிழ்வு அல்ல, ஒரே இரவில் நடப்பது. ரோலரின் அருமை அப்போதுதான் தெரியும். அந்த அளவில் நண்பரின் ரோலருக்கு என் வணக்கம். அடுத்தது, வெள்ளம் நிற்கும்போதைவிட வடியும்போதே கரைக்கு ஆபத்து அதிகம். வெளியே நீர் விரைவாக இறங்கிவிடும், உள்ளே நிறைந்த நீர் அவ்வளவு விரைவாக இறங்காது. சரிவைத் தாங்கிக்கொண்டிருந்த நீரும் போய், கனத்த கரை தனியே நிற்கும்.

30 டிசம்பர் 2023

நண்பர் டியூப் லெவல் (மட்டம் பார்க்க நீர் நிரப்பும் குழாய்) வாங்கி, அக்டோபர் முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சுவரை அளந்து வருகிறாராம். ஆறு அளவுகளை அனுப்பியிருக்கிறார். சுவர் 4 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. கரை அழுத்துவதால் மண் பிதுங்கி என் சுவரைத் தூக்குகிறது, இப்போது என்ன சொல்கிறீர் என்று கேட்கிறார்.

ஐயா, எதிலிருந்து அளந்தீர்கள்?

31 டிசம்பர் 2023

போர்ட்டிகோ படியிலிருந்தாம். போர்ட்டிகோ எப்போது கட்டியது என்று கேட்டிருக்கிறேன்.

1 ஜனவரி 2024

நான்கு ஆண்டுகளுக்கு முன், பழைய வீட்டோடு சேர்த்து. தெருமுனையில் மேம்பாலத் தூண் இருப்பதாகச் சொன்னார். அதற்கு ஆழமான பைல் அடித்தளம் இருக்கும், அதில் ஓர் அடையாளம் போட்டு, டியூபை நாலைந்து முறை இடம் மாற்றியாவது அங்கிருந்து அளவை இழுத்து வரச் சொல்லியிருக்கிறேன். போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை.

17 ஜனவரி 2024

பொங்கல் விடுமுறையில் மகனையும் கூட்டிக்கொண்டு அளந்திருக்கிறார். அக்டோபரில் தூணுக்கும் படிக்கும் இடையே அளவு எடுக்காததால், கட்டட வரைபடத்தில் குறித்த தரை மட்டத்தையும் பழைய வீட்டின் வாசற்படியையும் வைத்துக்கொண்டு ஒப்பிட்டிருக்கிறார். சுவர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. போர்ட்டிகோதான் இறங்கியிருக்கிறது, வீட்டோடு சேரும் மூலையில் குறைவாகவும், வெளி மூலையில் அதிகமாகவும். அடியில் முன்பு கிணறு வெட்டி மூடிய இடமாம். போர்ட்டிகோவுக்கு மண் நிரப்பும்போது ஒப்பந்தக்காரரை விடாமல் நிற்கவைத்து, சிறிய ரோலரே வரவழைத்து இறுக்கியதாக எழுதியிருக்கிறார். நம்புகிறேன்.